ஒற்றை ஆளுக்குச் சமைப்பதில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. கோபத்திலிருந்து வந்தது. போன வருஷம் ஈப்போவிலிருந்து மலாக்காவுக்கு வீடு மாறினேன். புக்கிட் காதிலில் வீடு. பக்கத்தில் ஒரு முகமும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான்களைப் பிரித்து அடுக்கவும் மனமில்லாமல், அடுப்பு மூட்டவும் மனமில்லாமல், தெருமுனையில் இருந்த ஸ்பானிய உணவகத்துக்குள் நுழைந்தேன். பரிமாறுகிறவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"நீங்க மட்டுமா?"

நான் மட்டும்தான். அகலமான இரும்புச் சட்டியில் வரும் மஞ்சள் சோற்றைக் காட்டி, அது வேண்டும் என்றேன். அது குறைந்தது இரண்டு பேருக்குத்தான் என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையும் இருந்திருக்காது. சூப்பையும் ரொட்டியையும் விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தேன்.

எழுத எழுத ஒன்று புரிந்தது. என் கோபம் சின்னக் கோபம். தனியாகச் சாப்பிட்டதற்காக என்னை யாரும் வீட்டைவிட்டுத் துரத்தப்போவதில்லை. அதனால், துரத்தப்படக்கூடிய ஒருத்தியை, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில், அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: மலாக்கா காஜா பெராங்கின் ஓட்டுக் கூரைகளின் மேல் அந்திச் சூரியன் பொன்னை உருக்கி—

[வேண்டாம். சூரியன் எல்லா ஊரிலும்தான் சாய்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: புதிய ஊரின் தனிமையில் சாரதாம்பாள் வாடிப்போயிருந்—

[அப்பட்டமான பொய். அவள் வாடவில்லை. தனியாக இருக்கும் பெண் என்றதும் என் பேனா தானாக வாடப் போய்விடுகிறது. அதை ஒரு தட்டு தட்டினேன்.]

மூன்றாவது தொடக்கம்: சாரதாம்பாளுக்கு நல்ல பசி.

இது இருக்கட்டும்.

3

சாரதாம்பாளுக்கு நல்ல பசி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊரிலுள்ள வாய்களையெல்லாம் ஊரிலுள்ள காதுகளோடு சேர்த்துவிட்டு வந்திருந்தாள். சிரம்பானிலிருந்து மலாக்காவுக்கு மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான். மாற்றல் அவளே கேட்டு வாங்கியது.

சிரம்பானில் அண்ணன் வீடு. அண்ணனும் கெட்டவனில்லை, அண்ணியும் கெட்டவளில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிட்டாள். எல்லோரும் கைகழுவிய பிறகு, பானையின் அடியில் பிடித்திருக்கும் காந்தலைச் சுரண்டி, மிச்சக் குழம்பை விட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே. மாதம் பிறந்தால் கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவள், நின்றுகொண்டே. யாரும் அவளை நிற்கச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. போர்ட் டிக்சனில் ஒரு கடைக்காரர், மனைவி தவறிப்போனவர், வயது கொஞ்சம் முன்னே பின்னே என்று அண்ணன் பேச்செடுத்த வாரத்தில் அவள் மாற்றலுக்கு எழுதிப் போட்டாள்.

மலாக்காவில் அறை கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் காஜா பெராங்கில், ஓய்வுபெற்ற ஆபீஸ் கிராணி பொன்னுதுரை, யாழ்ப்பாணத்தார், எக்ஸ்சேஞ்சு மேலாளருக்குத் தெரிந்தவர் என்பதால் தன் வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். அறையில் சமைக்கக் கூடாது. அந்த அறை போனால் வேறு அறை இல்லை. வேறு அறை இல்லையென்றால் சிரம்பான் பஸ். சிரம்பான் என்றால் நின்றுகொண்டு தின்னும் காந்தல், அப்புறம் போர்ட் டிக்சன்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இதற்கு மேல் பெரிய விஷயம் எதுவும் வராது.

4

வந்த புதிதில் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். இலை போடும் சத்தம் வாசல் வரை கேட்டது. கல்லாவில் இருந்தவர் மரியாதையாகத்தான் எழுந்தார்.

"பொட்டலமா கட்டித் தரட்டாம்மா?"

"இல்ல, இங்கயே சாப்பிடறேன்."

"கூட ஆம்பளைங்க யாரும் வரலையா? அப்ப பொட்டலமா வாங்கிட்டுப் போயிடும்மா. உங்களுக்குத்தான் வசதி."

யாருக்கு வசதி என்பது அவளுக்குத் தெரியும். சில நாள் அந்தப் பொட்டலத்தைக் கட்டில் விளிம்பில் பிரித்து வைத்துச் சாப்பிட்டாள். வாழையிலை காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, சோறு முழுக்க மை வாசனை. ஒருநாள் பாதியில் மடித்து வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். காலாற நடப்பதற்கு அல்ல. உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி தேடி.

கம்போங் செட்டிக் குடியிருப்புக்குத் திரும்பும் மூலையில் அந்த ஸ்பானியக் கடை இருந்தது.

[இங்கே நிறுத்துகிறேன். இந்தப் பக்கத்தைப் படித்த நண்பர் ராஜரத்தினம், ஊர்ச் சரித்திரத்தில் புலி, தலையில் அடித்துக்கொண்டார். "மலாக்காவுல போர்த்துகீசியர்தான்லா. ஐம்பத்தேழுல காஜா பெராங்ல எங்கிருந்து ஸ்பானியக் கடை? போர்த்துகீஸ்னு மாத்திடுங்க, யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க." மாற்ற மாட்டேன். யாரும் கேள்வி கேட்காத கதையை நான் எதற்கு எழுத வேண்டும்? அப்படி ஒரு கடை இருந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நான்தான் கட்டினேன். கூரை போட்டேன், நீலச் சாயம் அடித்தேன், ஆறு மேசை வாங்கிப் போட்டேன். சரித்திரம் இடம் கொடுக்காத பெண்ணுக்குச் சரித்திரத்தில் இல்லாத கடைதான் சரிப்படும்.]

கடைக்காரியின் பெயர் டோலோரெஸ். மணிலாவில் பிறந்தவள். அப்பா ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர். துரைமார் கிளப்பில் எக்காளம் ஊத வந்த புருஷனோடு மலாக்காவுக்கு வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அடுப்பை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எல்லோரும் அவளைச் சென்யோரா என்று கூப்பிட்டார்கள். ஊரார் அவள் கடையையும் போர்த்துகீசியக் கடை என்பார்கள். அவள் கரண்டியோடு வெளியே வந்து, "போர்த்துகீஸ் புக்கான்! ஸ்பானியோல்!" என்று, போர்த்துகீஸ் இல்லை என்று கத்துவாள். அந்தக் கத்தல் தெருவுக்குப் பழகிவிட்டது. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ராஜரத்தினத்திடம் அவளை அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

சாரதாம்பாள் வாசலில் நின்றதும் சென்யோரா அவள் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். ஒரு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

5

உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த தடித்த அடை, பூண்டு ரசம் மாதிரி ஒரு சூப்பு, கைக்கடங்காத ரொட்டி. வேலை முடிந்து வரும் வழியில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. முழங்கையை மேசையில் ஊன்றி, அவசரமில்லாமல்.

ஆனால் ஞாயிறு மத்தியானங்களில் மட்டும் சமையலறையிலிருந்து வேறொரு வாசம் வந்தது. வாயகன்ற தட்டையான இரும்புச் சட்டியில், இறாலும் சிப்பியும் குங்குமப்பூவும் போட்ட சோறு. தட்டு கிடையாது. சட்டியை அப்படியே மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி. அவரவர் முன்னால் இருக்கும் பங்கை அவரவர் உண்ண வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் கரண்டி போனால் சென்யோரா பார்க்கிற பார்வையே வேறு. கடைசியில் சட்டியின் அடியைச் சுரண்டுவார்கள். அந்தக் காந்தலுக்குத்தான் அடிபிடி. முதல்முறை பார்த்தபோது சாரதாம்பாளுக்கு நம்ப முடியவில்லை. சட்டை போட்ட கனவான்கள், நாற்காலியில் உட்கார்ந்து, காந்தலுக்காகச் சண்டை போடுகிறார்கள். அவள் இத்தனை வருஷம் நின்றுகொண்டு தின்றது இதையா?

அது வேண்டும் என்றாள்.

சென்யோரா ஒரு விரலைக் காட்டித் தலையை ஆட்டினாள். "சத்து ஓராங், தா போலே." ஒரு ஆளுக்கு முடியாது.

இரண்டு பேர் காசையும் கொடுக்கிறேன் என்றாள் சாரதாம்பாள். சென்யோராவுக்குக் கோபம் வந்துவிட்டது. காசா பேச்சு? தனி ஆளுக்குச் சமைப்பது கஞ்சி, மருந்துக் கஞ்சி. இது கஞ்சி இல்லை. சட்டியில் எதிர்ப்பக்கம் ஆளில்லாமல் என் அப்பா இந்தச் சோற்றை இறக்கியதில்லை, நானும் இறக்கமாட்டேன். கடைத்தெருவில் பேசும் பஸார் மலாயில் இதைச் சொல்லிவிட்டு ஒரு துண்டு ரொட்டியை அதிகமாக வைத்துவிட்டுப் போனாள்.

ஆக, ஒரு ஆள் வேண்டும்.

6

முதல் பிரதியில் கபீரை உட்கார வைத்தேன். ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை வைத்திருப்பவன், சென்யோராவுக்குக் குங்குமப்பூ கொண்டுவந்து கொடுப்பவன். சந்தேகமில்லாமல் நல்லவன். எதிர்நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டாவது பக்கத்தில் நான் அவன் கண்களை வர்ணிக்க ஆரம்பித்திருந்தேன். மூன்றாவது பக்கத்தில் அவளுக்குச் சோறு மறந்துபோயிற்று. இது உதவாது என்று கபீரை எழுப்பி அனுப்பிவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. குங்குமப்பூவை மட்டும் வைத்துவிட்டுப் போனான்.*

இரண்டாவது பிரதியில் சாரதாம்பாள், எக்ஸ்சேஞ்சில் பக்கத்து நாற்காலிக்காரியான சீதாவைக் கூட வரச்சொல்லிக் கேட்டாள்.

"ஐயோ, கடையில உக்காந்தா? எங்கப்பா கால ஒடிச்சிருவாரு. நீ வேணா எனக்கும் சேத்துச் சாப்பிடு," என்றாள் சீதா.

அதுதானே முடியவில்லை.

* சில வாசகர்கள் கபீரைத் திரும்பக் கூப்பிடச் சொல்வார்கள். அவனுக்குக் கடையில் ஆள் நிற்கிறது. வரமாட்டான்.

7

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, முந்திய ஞாயிறு. தெருவெங்கும் கொடி. காஜா பெராங் விழாக் கமிட்டியில் பொன்னுதுரைதான் விளக்குக்குப் பொறுப்பு. இரவில் எந்தக் கம்பத்தில் எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்ற கவலையில் ஒரு வாரமாக அவர் உறங்கவில்லை. நாடு விடுதலையாகிற வாரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பாடுபடுவதை நான் தற்செயலாக வைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

பொன்னுதுரை கோயிலிலிருந்து நேரே சென்யோராவின் கடைக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வேட்டி, சால்வை. கடை நிறைந்திருந்தது. சாரதாம்பாள் சூப்பு குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நீர் இங்க தனிய இருந்து சாப்பிடுறீர் எண்டு சனம் சொல்லிச்சுது. நான் நம்பேல்லை. இப்ப என்ர கண்ணால பாக்கிறன்."

"வாங்க ஐயா," என்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பயம்தான், வேறென்ன. அந்தப் பின்னறையின் சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சென்யோரா வந்தாள். அவள் கடையில் யாரும் நிற்கக் கூடாது. எதிர்நாற்காலியைக் காலால் தள்ளி, "டுடோக்!" என்றாள், உட்கார் என்று. அத்தனை மேசையும் திரும்பிப் பார்த்தது. நின்றுகொண்டு அதட்டுவதைவிட உட்கார்ந்துகொண்டு அதட்டுவது கௌரவம் என்று பட்டதோ என்னவோ, பொன்னுதுரை சால்வையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

சென்யோரா அவரைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"துவா ஓராங்! போலே!" இரண்டு பேர், இப்போது முடியும். இரண்டு விரலை ஆட்டிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

பொன்னுதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரதாம்பாளுக்கு விளங்கிவிட்டது. அவளைத் துரத்த வந்த மனிதர் அவளுடைய இரண்டாவது ஆள்! ஆனால் அந்தச் சோறு வேக அரைமணியாவது பிடிக்கும். நடுவில் கிளறக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அதுவரை இவர் எழுந்துவிடக் கூடாது.

எக்ஸ்சேஞ்சில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பேசுகிறவரின் லைன் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. அதில் அவள் கெட்டிக்காரி.

"நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா," என்றாள்.

சொன்னார். பொம்பிளைப் பிள்ளை எப்படி இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். பேச்சு தளரும்போதெல்லாம் அவள் ஒரு கேள்வி போட்டாள். யாழ்ப்பாணத்தில் எப்படி ஐயா? நீங்கள் கிராணி வேலைக்கு வந்த காலத்தில் துரைமார் எப்படி? விழா விளக்கெல்லாம் என்ன நிறம்? விளக்கு என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"சுதந்திரம் எண்டால் லேசுப்பட்ட விசயமே, பிள்ளை? எத்தினை காலம் அவங்களுக்கு முன்னால நிண்டுகொண்டே வேலை பாத்தனாங்கள்! துரை இருப்பான், நாங்கள் நிப்பம். இனி ஆருக்கு முன்னாலயும் நிக்கத் தேவையில்லை."

"ஆமாங்க ஐயா," என்றாள் சாரதாம்பாள். இதை மட்டும் அவள் நடிக்காமல் சொன்னாள்.

[இந்த இடத்தில் அவருக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். முகத்தில் ஒரு நிழல் ஓடியது என்று எழுதி, அடித்துவிட்டேன். ஓடவில்லை.]

சட்டி வந்தது. நடுமேசையில் இறங்கியது. சென்யோரா கரண்டி விளிம்பால் சோற்றின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். இந்தப் பக்கம் இவளுக்கு, அந்தப் பக்கம் அவருக்கு. இரண்டு கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"இதென்ன?"

"நமக்குத்தான் ஐயா. ரெண்டு பேருக்குத்தான் செய்வாங்களாம்."

"ஒரே சட்டியிலயோ? ஆணும் பெண்ணும்? எச்சில்!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தார். "போதும் பிள்ளை. இப்ப என்னோட எழும்பி வாரும். வந்தால் அறை இருக்கும். இதில கை வைச்சீர் எண்டால், நாளைக்குக் காலமை பெட்டியைக் கட்டும்."

சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சாரதாம்பாள் இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

8

இங்கே மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் பொன்னுதுரை மெல்ல உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைக்கிறார், கண் கலங்குகிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அவர் சைவம் என்பதை அவர்கள் மறந்துவிடுவார்கள், நானும் மறந்துவிட்டேன். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவள் எழுந்து அவர் பின்னால் போகிறாள். இதை எழுதிய ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதுதான் நடந்திருக்கும். ஐம்பத்தேழில் எத்தனையோ பேருக்கு இதுதான் நடந்தது. ஆனால் நடந்ததை மட்டும் எழுத நான் எதற்கு? இதையும் கிழித்தேன்.

மூன்றாவது இது.

"நாளைக்குத்தானே ஐயா?" என்றாள். குரல் உயரவில்லை. "இன்னிக்கு நான் சாப்பிடறேன்."

கரண்டியை எடுத்து, தன் பக்கத்தில் ஒரு வாய் அள்ளினாள்.

பொன்னுதுரை போய்விட்டார். அவள் தலை நிமிரவில்லை. இறாலைப் பிரித்துத் தின்றாள், சிப்பியை உறிஞ்சினாள். கோடு வரைக்கும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். பிறகு சட்டியின் அடியைச் சுரண்டினாள். காந்தல் மொறுமொறுவென்று வந்தது. சிரம்பானில் தின்ற அதே காந்தல். உட்கார்ந்து தின்றால் ருசியே வேறாக இருந்தது. அழுகையும் வந்தது. தின்பதை நிறுத்தாமலே அழுதாள்.

கோட்டைத் தாண்டவில்லை. எதிர்ப்பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. சென்யோரா வந்து அந்தப் பாதியைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். எங்கே அந்த ஆள்?

"நாந்தி டாத்தாங்," என்றாள் சாரதாம்பாள். வரும், அப்புறம் வரும்.

சென்யோரா நம்பினாள். விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்து, கரண்டியை இடுப்புத் துணியில் துடைத்து, அந்தப் பக்கத்தில் மறுபடி வைத்துவிட்டுப் போனாள்.

9

சென்யோராவின் கடைக்கு மாடி இல்லை, மாடியில் காலி அறையும் இல்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பீர்கள், தெரியும். கட்டியவள் நான், மாடி வைக்கவில்லை. அவ்வளவு சுலபமாக உங்களை விடுவதாக இல்லை.

நாளைக் காலையில் அவள் பெட்டியை எங்கே கொண்டுபோவாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கடைக்கு எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் கதவைத் திறக்கலாம். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன குடும்பம்; பார்த்தால் நம்மவள், வாயைத் திறந்தால் மலாய். சீதாவின் அப்பா மனம் மாறலாம். ஒன்றும் நடக்காமலும் போகலாம். பாவம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அவள் உங்களிடம் பரிதாபம் கேட்கவில்லை. எதிரே ஆள் வரும் என்று ஒரு கடைக்காரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அவளை எழுதுகிறவளே உட்கார்ந்தால், அவளும் நானும் ஒருத்திதானே, அது மறுபடியும் ஒற்றை ஆள்தான்.

நீங்கள்தான் மிச்சம். பெட்டியைப் பற்றி அப்புறம் இரண்டு பேருமாகப் பேசிக்கொள்ளுங்கள். சிரம்பான் பஸ்ஸைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதீர்கள். கோட்டைத் தாண்டாதீர்கள். காந்தலை விட்டுவைக்காதீர்கள்.

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. உட்காருங்கள்.